கூச்சம் என்று எழுதினேன்

முன்பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்வதும், அதை வைத்து அரசாங்கத்துக்கு ஆலோசனை எழுதிக் கொடுப்பதும்தான் என் தொழில். பிள்ளையின் குறையை நேரகாலத்தோடு கண்டுபிடிக்க வேண்டும் என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருப்பேன்! வாய் மட்டும் எனக்கு நன்றாக வேலை செய்யும்.

அந்த முறை நெடுந்தீவுக்குப் போனது, ஒரு முன்பள்ளியில் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சியைப் பார்க்க. போன படகு பிந்திவிட்டது. திரும்பும் படகு இரண்டரைக்கு. கடைசியாக மிஞ்சியது மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. காலையில் எல்லோரும் கையசைத்து மழைப்பாட்டுப் பாடியபோது, அவள் கை மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தித்தான் உயர்ந்தது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். எனக்கு அது வடிவாக இருந்தது. சிரித்துவிட்டு இருந்துவிட்டேன்.

கேட்ட எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துச் சிரித்தாள்.

"தேப்பனைப் போல சரியான வெக்கம், மிஸ்," என்றார் கூட்டிப்போக வந்து நின்ற தாய்.

வெளியே ஓட்டோக்காரர் அவசரப்படுத்தினார். பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒருதரம் கை தட்டிப் பார்க்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. அந்தப் படிவத்தைத் தயாரித்ததே நான்தான். தட்டவில்லை. "ஓம், வெக்கம்தான். போகப் போகச் சரியாகும்" என்று சொல்லி, 'கூச்ச சுபாவம்' என்று எழுதிவிட்டுப் படகுக்கு ஓடினேன்.

நாலு வருடம் கழித்து வேறு வேலையாகப் போய் இறங்கியபோது, அதே படகில் அந்தத் தாயும் மகளும் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் காது டொக்டரிடம் காட்டிவிட்டு வருகிறார்களாம். பிறந்ததிலிருந்தே பிள்ளைக்குக் காது கேட்காது. காதில் போடும் மிஷின் இனித்தான் வரும். பேச்சு வருமா என்று சொல்ல ஏலாதாம்.

"ஏன் முந்தியே கொண்டுவரேல்லை எண்டு டொக்டர் பேசினவர். நீங்கள் பாத்திட்டு வெக்கம் எண்டுதானே சொன்னனீங்கள், மிஸ். அதுதான் நாங்கள் யோசிக்கேல்லை."

அதில் குற்றச்சாட்டே இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிழை என்னுடையது என்றேன்.

"சீச்சீ, நீங்கள் என்ன செய்வியள்? அண்டைக்கு உங்களுக்குப் படகுக்கு நேரம் போட்டுது."

மகளின் கையை விட்டுவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மகளும் பக்கத்தில் நடந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, பின்னால் நின்று ஒருதரம் கை தட்டினேன்.

தாய் திரும்பிப் பார்த்தார். மகள் போய்க்கொண்டே இருந்தாள்.