சூளைக்குப் போன மாதா

மூணாங்கிளாசோட நின்னு சொந்தமா லாரி வாங்கி ஓட்டுற என்னையே, விக்கிரவாண்டிகிட்ட இன்னைக்கு அடிச்ச செங்கல் சூளைப் புகை நிறுத்திடுச்சு. திண்டிவனம் ஏரியோரம் நாங்க வேலை செஞ்ச சூளை இப்ப வீட்டுமனை பிளாட்டு. அங்க சுடாத பச்சைக்கல்லை அடுக்கினதுதான் எங்க வீட்டுச் சுவரு. அதுல ஒரு கல்லுல அம்மா விரலால மாதா முகம் கீறி, சாயங்காலமானா எதிர்ல முட்டி போட்டுக்கினு ஜெபமாலை சொல்லும். சீசன் முடியறப்ப சுவரைப் பிரிச்சி சூளையில அடுக்க வந்த மேஸ்திரிகிட்ட அப்பா கெஞ்சினாரு.

“அந்தக் கல்ல மட்டும் உட்டுடுங்க மேஸ்திரி.”

“மாதா வெந்துட்டா என்னாம்மா பண்ணுவ?” னு அம்மாவப் பாத்து மேஸ்திரி சிரிச்சாரு.

“மாதா வேவாதுங்க, கல்லுதான் வேவும். மனசு அலையாம நிக்கத்தான் முகம் கீறினேன். எடுத்துக்கினு போங்க” னு சொன்ன அம்மா, குழைச்ச மண்ணை அள்ளி அடுத்த முகத்தைக் கீற உக்காந்துடுச்சு.