கொட்டை இல்லாத கன்று

அண்ணன் டெங்கிக் காய்ச்சலில் போய்ப் பதினான்கு நாள் ஆகியிருந்தது. கருமாதிக்குக் கூடாரம் போட இடம் வேண்டும் என்று சித்தப்பா எங்கள் வீட்டு வாசலைச் சுத்தம் செய்ய வந்திருந்தார். அவர் சுங்காய்ப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் மண்டோர், வேலையாட்களை மேய்ப்பவர். அண்ணனும் அவருக்குக் கீழேதான் வேலை செய்தான்.

நான் ஈப்போ பாசாரில் சந்தை வேலை முடிந்து மோட்டாரில் திரும்பியபோது வாசல் மொட்டையாக இருந்தது. அண்ணன் வேலியோரம் நட்டு வளர்த்த தரை ஆர்க்கிட் மொத்தமும் ரோட்டோரம் வெயிலில் குப்பையாகக் கிடந்தது.

"என்ன சித்தப்பா இது?"

"செம்பனைக் கன்னு பாப்பா. தோட்டத்துல புடுங்கி எறியச் சொன்னா, உங்கண்ணன் வீட்டுக்குக் கொண்டாந்து வளத்திருக்கான். அவன் எப்பவும் அப்படித்தான்லா. நாம சொல்றது ஒண்ணு, அவன் செய்யறது ஒண்ணு."

செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் தானாக முளைக்கும். அந்தக் கன்றுகளைப் பிடுங்கியே ஆக வேண்டும். விட்டுவைத்தால் மண்டோருக்குத்தான் ஏச்சு. தரை ஆர்க்கிட்டின் இலையும் அதே மாதிரி நீளமாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். பூ இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பூத்த தண்டு எல்லாவற்றையும் நான்தான் வெட்டி அண்ணன் நெஞ்சில் வைத்து அனுப்பியிருந்தேன்.

செத்தவனைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. நான் படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். அண்ணன் அதற்கும் முன்னாலேயே நின்றவன். ஆனால் செடி விஷயத்தில் அவன் ஏமாந்ததில்லை. ரோட்டில் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"செம்பனைன்னா அடியில கொட்டை ஒட்டிக்கிட்டு இருக்கணும்ல. காட்டுங்க பாப்போம்."

அவர் வாங்கிப் பார்த்தார். சின்ன வெங்காயம் மாதிரி ஒரு கிழங்குதான் இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் கிழங்கு. அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "என்னண்ணே, ஆளுங்க களைக்கு அடிக்கிற மருந்த உங்க கண்ணுல அடிச்சிட்டாங்களா?"

அம்மா சிரித்தார். பதினான்கு நாளில் அதுதான் முதல் தடவை.

நான் விடவில்லை. ஒரு நாள் களை பிடுங்கும்போது கையில் வந்த கன்றில் கொட்டை இல்லை என்பதை அண்ணன் கவனித்ததையும், அதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்ததையும் சொன்னேன். ஊதா, வெள்ளை, மஞ்சள் என்று தேடித் தேடிச் சேர்த்ததையும் சொன்னேன். ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டை மணலிலிருந்து ஃபிஜித் தீவு வரைக்கும் இந்த இனம் வளருமாம். கைப்பேசியில் பார்த்துவிட்டு, "கப்பல்ல வந்த நம்ம ஆளுங்க மாதிரிதான்லா, போட்ட எடத்துல பொழச்சுக்கும்" என்று அவன் சொன்னதையும் சொன்னேன்.

"கூடாரத்த ரோட்டுல போட்டுக்கலாம்," என்றார் சித்தப்பா. மண்வெட்டியை அவரே எடுத்தார். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் திரும்ப நட்டோம்.

ஆனால் பகல் முழுக்க வெயிலில் கிடந்த செடிகள். கருமாதி அன்று இலைகள் பழுத்துவிட்டன. அடுத்த வாரம் எல்லாம் காய்ந்து சரிந்தன. அண்ணன் இரண்டாவது தடவை போன மாதிரி இருந்தது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, பார்க்காமல் உள்ளே வந்துவிடுவேன்.

ஒரு மாதம் கழித்து அம்மாதான் கூப்பிட்டுக் காட்டினார். கிழங்கின் பக்கத்திலிருந்து பச்சையாக ஒரு முளை. பிறகு வேலியோரம் முழுக்க.

சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நான் இப்ப எங்க தோட்டத்து பங்களாதேஷ் ஆளுங்ககிட்ட, மொதல்ல அடியப் பாரு, அப்புறம் புடுங்குன்னு சொல்றேன். எதுக்குன்னு கேட்டானுங்க."

"என்ன சொன்னீங்க?"

"எங்க அண்ணன் மகன் கண்டுபிடிச்சதுன்னு சொன்னேன்."