பூண்டு ரொட்டிக்குக் காப்புரிமை

அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரியா நகரில் காப்புரிமை அலுவலகத்துக்கு அருகே பீட்சா கடை நடத்திய வெண்டல் ஸ்ட்ரௌட், வியாபார முறைக்கெல்லாம் காப்புரிமை கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று சாப்பிட வரும் அதிகாரிகளிடம் வாதாடுவார். ஒருநாள், வரிசையில் காத்திருப்பவர்களுக்கு இலவசமாகப் பூண்டு ரொட்டி கொடுக்க ஆரம்பித்தார். கூட்டம் அலைமோதியது. எதிர்க்கடைக்காரர் பெட்ராக்கிஸும் மறுவாரமே அதேபோல் கொடுக்க ஆரம்பித்தார்.

வெண்டல் கொதித்துப்போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அதிகாரி மார்லீனிடம் ஓடினார்.

“மார்லீன், இது என் யோசனை! எனக்குக் காப்புரிமை வேணும்!”

“அடடே, கட்சி மாறிட்டீங்களா? சரி, யோசனை எப்படித் தோணுச்சு?”

“முடிவெட்டப் போனேன். காத்திருந்தவங்களுக்குக் காபி குடுத்தாங்க. உடனே நான்...” வெண்டல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்போ முதல்ல அந்த முடிவெட்டுறவர்கிட்ட அனுமதி வாங்கிட்டு வாங்க!”

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலும் அசடு வழியச் சிரித்தார். மறுநாள் முதல் ரொட்டியோடு சூப்பும் கொடுத்தார். பெட்ராக்கிஸ் ஈடுகொடுக்க முடியாமல் திணறிப்போனார்.