அக்கா கையால் முடுக்கிய ஆயில் ஃபில்டர்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை வணக்கத்தோடு எழுதுகிறேன்.

அட்டைப் படத்தில் அக்கா பட்டுச்சேலையில் இருக்கிறார். அவரை அப்படிப் பார்த்தவர்கள் குறைவு. ஞாயிறு பூசை முடிந்ததும், நைட்டிக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துக் கிடந்த அக்காவைத்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த அக்காவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அக்கா ராயபுரத்தில் பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டதால், பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். "உனக்கு எப்பம்மா கல்யாணம்?" என்று கேட்ட அத்தைமாருக்கு அவர் சொன்ன பதில்களை இந்த மலரில் அச்சிட முடியாது.

என் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் என்று ஆனது. கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எங்கள் சாலைக்குக் காலை நேரத்தில் ஆட்டோ வராது. ஒருநாள் நான் தெருமுனையில் நின்று அழுததைப் பார்த்த அக்கா, அடுத்த வாரமே பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன்பின் என் கணவர் ஒருநாளும் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அன்று ஆயில் மாற்றக் கொடுத்த காரை மெக்கானிக் சொன்ன நேரத்தில் தரவில்லை. அக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"இனிமே இத்த நானே பாத்துக்குறேன். இன்னா பெரிய ராக்கெட்டா இது?" என்றார்.

ராக்கெட் இல்லைதான். ஆனால் ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பானெட்டைத் திறந்து முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரியிடம் இரண்டு சரிவுக் கட்டைகள் செய்து வாங்கி, முன்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, அடியில் புகுந்தார். என் முகம் பார்க்கும் கண்ணாடியையும் செல்போன் வெளிச்சத்தையும் வைத்து எஞ்சினின் பின்புறத்தைத் துழாவினார். "ஆப்ட்டுச்சு! டம்ளர் மாரி தொங்கினு கீதுடி!" என்ற சத்தம் அடியிலிருந்து வந்தது.

பழைய ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரைக் கழற்றி, அதன் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, புதியதன் வளையத்தில் சொட்டு ஆயில் பூசி, கையால் முடுக்கி மாட்டினார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். அதற்குள் தெரு கூடிவிட்டது.

எங்கள் தெருவின் குணம் உங்களுக்குத் தெரியும். கரையில் படகை இழுத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் தோள் கொடுப்பார்கள். அதே நல்ல மனத்தோடு ஃபில்டருக்கும் கை கொடுத்தார்கள். வலைக்கடை அந்தோணி அண்ணன் முதலில் குனிந்தார்.

"அய்ய, இன்னாக்கா, லூசா கீது? நவுரு, நா ஒரு சுத்து சுத்துறேன்."

அவருக்குப் பின் அவர் தம்பி, அவருக்குப் பின் எதிர்வீட்டு ஐஸ் வண்டிக்காரர். ஆளுக்கு ஒரு சுற்று. அக்காவும் நன்றி சொல்லி எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

அடுத்த முறை மாற்றும்போது அந்த ஃபில்டர் அசையவே இல்லை. முடுக்கிய கைகள் எல்லாம் வந்து முயன்றன. ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பியதில் ஃபில்டரின் தகரம் கிழிந்து ஆயில் வழிந்து, அந்தோணி அண்ணனின் பூசைச் சட்டை கறுப்பானது. மறுநாள் காலை டயாலிசிஸ். என் கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் ஐஸ் வண்டிக்காரர் ஒரு லாரி ஷெட்டிலிருந்து, ஃபில்டரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் சங்கிலி ஸ்பேனர் வாங்கிவந்தார். அதைப் போட்டு இழுத்த பிறகுதான் கழன்றது.

அன்று அக்கா தெருவுக்கே சட்டம் போட்டார். "இனி எவனும் கைய வெக்காதீங்க. என் கையால எவ்ளோ முடுக்க வருதோ அவ்ளோ போதும். நாளைக்கு வேற ஒரு கை கய்ட்டணும்ல நைனா?"

வேறு எந்தக் கை என்று அன்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் என்னை டிரைவிங் பள்ளியில் சேர்த்துவிட்டார். பயமாக இருக்கிறது என்றதற்கு, "நா இல்லாத அன்னிக்குத் தம்பிய யாரு இட்டுனு போவா?" என்று கேட்டார். என் கணவரை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

கடைசியாக அவர் ஆயில் மாற்றிய மறுவாரம், வேலையிலிருந்து வந்து சாய்ந்து படுத்தவர் எழவில்லை. நெஞ்சுவலி என்றுகூடச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் டயாலிசிஸ் நாள். அக்காவின் சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஓட்டினேன். அன்றும் தாமதமாகப் போகவில்லை.

பிறகு ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. ஃபில்டர் முன்போல இறுகிக் கிடந்தால் மறுநாள் காலை என்ன செய்வேன் என்ற பயத்தோடுதான் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடியில் புகுந்தேன். கண்ணாடியில் ஃபில்டர் தெரிந்தது. அழுக்கில் அக்காவின் விரல் தடங்கள் அப்படியே இருந்தன. துணி சுற்றிப் பிடித்துத் திருப்பினேன். சற்று அடம்பிடித்தது. பிறகு என் கைக்கு அது கழன்று வந்தது. அக்கா சொன்ன அந்த வேறு கை எது என்று அப்போது புரிந்தது. காருக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு, "அக்கா, ரொம்ப நன்றிக்கா" என்று வாய்விட்டு அழுதேன்.

அக்காவைத் தூக்கிச் சென்றவர்களுக்கும், பூசை வைத்த பங்குத்தந்தைக்கும், பாடற்குழுவினருக்கும், அந்த வாரம் எங்கள் வீட்டு அடுப்பு எரியாதபோது மூன்று வேளையும் சோறு அனுப்பிய தெருவாருக்கும், கிடங்கில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்றும் காலைகளில் லாரிகளை ஒதுக்கி எங்களுக்கு வழிவிடும் ஓட்டுநர்களுக்கும் நன்றி.

தனியாக ஒரு நன்றி அந்தோணி அண்ணனுக்கு. அன்று நான் புது ஃபில்டரை மாட்டும்போது, பழக்க தோஷத்தில் அவர் குனிந்து கை நீட்டினார். உடனே இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே முடுக்கும்மா. அக்கா பாத்துனு கீது" என்றார்.

என் கைக்கு வந்த மட்டும் முடுக்கினேன். அதற்குமேல் ஒரு சுற்றும் சுற்றவில்லை.