மட்டாஞ்சேரியில் ஒரு ‘தீயோ’ என்னை ஆட்டிவைத்த கதை

அக்கா மகள் ரேவதி, மட்டாஞ்சேரியில் தன் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறாள். முதல் வெளிநாட்டு விருந்தாளிகள் ஸ்பெயினிலிருந்து வருகிறார்கள், அவர்கள் இணையத்தில் நல்லபடி எழுதினால்தான் தொழில் நிற்கும் என்று என்னைத் துணைக்கு அழைத்தாள். எட்டாம் வகுப்போடு நான் நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். போன வெள்ளிக்கிழமை கோவையில் ரயிலேறி, ஆலுவா வருவதற்குள் கைப்பேசியைப் பார்த்தே ஸ்பானிய மொழியில் பாதியை முடித்துவிட்டேன். அங்கிருந்து தோப்பும்படிக்குப் பஸ். பிறகு மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, நூறு ரூபாய். ஆட்டோ சேட்டனுக்கும் நாலு வார்த்தை கற்றுக்கொடுத்தேன்.

வந்தவர்கள் மார்த்தா என்ற பெண், பாப்லோ என்ற இளைஞன். படியேறும்போதே அவள் அவனை வாய்க்கு வாய் “தீயோ, தீயோ” என்றாள். தீயோ என்றால் மாமா, ரயிலில் படித்ததுதான். தன் வயதுக்காரனை ஒரு பெண் மாமா என்றால் என்ன அர்த்தம்? என் வீட்டுக்காரியும் என்னை அப்படித்தான் அழைப்பாள். புருஷன்! அப்புறம் எதற்கு ஆளுக்கொரு அறை?

அவர்கள் ஊர் சுற்றவும், ரேவதி மீன் வாங்கவும் போனார்கள். கதவைத் தட்டிய ஒரு மதுரைத் தம்பதிக்கு மார்த்தாவின் அறையைக் கொடுத்தேன். அவள் பெட்டியைப் பாப்லோ அறைக்கு மாற்றி, கட்டிலைச் சுற்றிப் பத்து முழம் மல்லிகை தொங்கவிட்டேன். மட்டாஞ்சேரி அரண்மனையில்கூட அப்படி ஒரு கட்டில் கிடையாது.

சாயங்காலம் பாப்லோ, வீடியோ காலில் யாருக்கோ அறையைக் காட்டியபடி கதவைத் திறந்தான். திரையில் ஒரு பெண், அவன் மனைவியாம்! அந்தப் பெண் மல்லிகைக் கட்டிலைப் பார்த்தாள். மார்த்தா வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்லோ கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். நான் கும்பிட்டேன்.

ரேவதி இங்கிலீஷில் மார்த்தாவிடம் விசாரித்துவிட்டு என்மேல் பாய்ந்தாள். “என்ன மாமா பண்ணி வெச்சிருக்கீங்க? அவங்க ஒரே ஆபீஸாக்கும்!”

“அவதானே மாமான்னு கூப்பிட்டா? தீயோன்னா மாமா இல்லையா?”

“மாமாவும்தான். சிநேகிதன், கூட்டுக்காரனும்தான். ரோட்டுல போற எவனும்தான்!”

ஆடிப்போய்விட்டேன். தாய்மாமனையும் ரோட்டில் போகிறவனையும் ஒரே வார்த்தையில் அடைக்கிற தேசம் எப்படி உருப்படுகிறது?

இங்கே மனைவிகள் புருஷனை மாமா என்பார்கள் என்று ரேவதி விளக்கியதும், திரையிலிருந்தவள், புருஷனை மாமா என்பதா என்று என்னைவிட மோசமாக ஆடிப்போனாள். பிறகுதான் சிரித்தாள். ரேவதி தன் அறையை மார்த்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் புருஷனோடு சமையலறையில் படுத்தாள்.

மட்டாஞ்சேரி போகிறவர்கள் ரேவதியிடமே அறை சொல்லி வையுங்கள். நான் இருக்கும் நாளென்றால், கூட வருபவர் என்ன உறவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்த்தா ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறாள்: “அறை சுத்தம். மீன்கறி பிரமாதம். கல்யாணம் கேட்காமலே செய்து வைக்கிறார்கள்.”