நாற்காலியில் பெட்டி, தரையில் தைரியராஜ்

ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, தைரியராஜ் தரையில் தவழ ஆரம்பித்துவிட்டார். ஐம்பது வயது ஆள். யார் வீடானாலும் இப்படித்தான். இதற்காகவே பேண்ட்டின் முழங்கால்களில் சைக்கிள் டியூபை வெட்டித் தைத்திருக்கிறார். தலையைச் சாய்த்து, சுவரோரமாக ஒவ்வொரு முழமாக நின்று கேட்டு நகர்வார். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

"ஆள் உக்கார்ற எடத்துல பொட்டி பாடட்டுங்க. எந்த எடத்துல கீழ்ச்சுரமெல்லாம் ஒரே அளவா கேக்குதோ, அதாங்க பொட்டிக்கு எடம்" என்பார்.

திருச்சி பாலக்கரையில் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், வீடு அதிர்ந்தால்தான் பாஸ், அதாவது கீழ்ச்சுரம், என்று ஊரே நம்புகிறது. இவருக்கு அதிர்ந்தாலே முகம் சுளிக்கும். "டொம்முனு அடிக்கிறது பாஸ் இல்லீங்க. யாரோ கதவை ஒதைக்கிறாங்க." வேலை முடியும்வரை டீயைத் தொடமாட்டார். அது ஆறி ஏடு படிந்த பிறகு ரசித்துக் குடிப்பார். டீ விஷயத்தில் மட்டும் அவருக்கு ரசனை போதாது.

அன்று தவழ்ந்தது என் பக்கத்து வீட்டில். சவரிராயன் இருபது வருஷம் மாதா கோவில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவர். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன், குரலே போய்விட்டது. இப்போது பேச்செல்லாம் சிலேட்டில். அவர் பாடியது ஒரே ஒரு கேசட்டில் இருக்கிறது. சின்ன டேப் ரெக்கார்டரில் போட்டால் பெண்கள் பாடுவது மட்டும்தான் கேட்கும். அவர் குரலுக்காகத்தான் மனைவி இருதயமேரி டீச்சர் இந்தப் பெரிய பெட்டியை வாங்கினார்.

புதுப் பொருள் எது வந்தாலும் முதலில் மாதா சுரூபத்துக்குக் கீழே வைப்பது அந்த வீட்டு வழக்கம். சுரூபம் இருந்தது அறை மூலையில். பெட்டியும் அங்கேயே தங்கிவிட்டது. பாட்டைப் போட்டால் ஒரு சுரம் உறுமியது, அடுத்த சுரம் காணாமல் போனது. மாதா கிடுகிடுத்தாள். சவரிராயன் கேட்டுவிட்டு சிலேட்டில் எழுதினார்: 'இது நான் இல்லை.' அன்றிலிருந்து அவர் அதைக் கேட்கவே மறுத்துவிட்டார்.

"மாதா காலடியிலேருந்து எடுத்தா குத்தமில்லையா?" என்று தயங்கினார் டீச்சர்.

"அந்தம்மாவும் நிம்மதியா இருக்கட்டும் டீச்சர்" என்றார் தைரியராஜ், தரையிலிருந்தபடியே.

ஜன்னலடியில் முகம் சுளித்தார். கதவோரம் உதட்டைப் பிதுக்கினார். சமையலறை நிலைப்படிக்குப் பக்கத்தில், அரிசி டிரம் அருகே போனவர் அசையாமல் நின்றுவிட்டார். டிரம்மை நகர்த்தச் சொன்னார். பெட்டி அங்கே போனது. சவரிராயனை நாற்காலியில் உட்கார வைத்து, கேசட்டை முதலிலிருந்து போட்டார்.

பெண்களின் குரலுக்கு அடியில் ஓர் ஆண்குரல் எழுந்தது. எங்கும் முட்டாமல், எங்கும் அறுபடாமல் படியிறங்கியது. அதே பெட்டி, அதே கேசட், நாலடி தள்ளி வைத்தது மட்டும்தான் வித்தியாசம். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இடம் கிடைத்ததும் பெட்டியைச் சுற்றிக் கோடு போடுவது தைரியராஜின் வழக்கம். சட்டைப்பையைத் தடவினார், சாக்பீஸ் இல்லை.

சவரிராயன் சிலேட்டில் இருந்ததை உள்ளங்கையால் அழித்தார். பிறகு தன் சாக்பீஸை நீட்டினார்.

தைரியராஜ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் கோடு போடவில்லை. பாட்டு முடியும்வரை முழந்தாளிலேயே இருந்தார்.