மயில் கழுத்துச் சேலையும் எடிசன் இளமாறனும்

அமெரிக்காவின் எடிசன் நகரத்துத் தமிழர்களில் இளமாறனோடு பேசிப் பழகாதவர்கள் இருக்கலாம். அவருடைய கேமராவின் முன்னால் ஒரு தடவையாவது கேசரி மெல்லாதவர்கள் குறைவு. வயது நாற்பத்தேழு. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், அதாவது பிறர் செய்த தவறுகளைக் கண்டுபிடிக்கும் உத்தியோகம். சனி, ஞாயிறுகளில் வளைகாப்பு, அரங்கேற்றம், முதல் பிறந்தநாள் என்று வீடியோ எடுப்பார். அங்கே தவறுகளைத் தாமே செய்துகொள்ளும் வசதி இருந்தது.

இந்த வசந்தத்தில் அவர் ஒரு புதுக் கேமரா வாங்கினார். அது சினிமாக்காரர்கள் பாணியில் ‘லாக்’ என்ற முறையில் பதிவு செய்யும். வெளிச்சத்தின் நுணுக்கம் எதுவும் தொலையக் கூடாதென்பதற்காக உலகத்தையே திருநீறு பூசினாற்போல் வெளிறலாக எடுத்துவைக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேருக்குள் கொண்டுவந்து, ‘இது இன்ன முறையில் எடுத்தது’ என்று சொல்லிக்கொடுத்தால் நிறங்கள் எழுந்து உட்காரும்.

“கலரா இருக்கற வீட்டை எதுக்கு சாம்பலா எடுக்கணும், அப்புறம் எதுக்கு கலர் பண்ணணும்?” என்று மனைவி ஹம்சா கேட்டார்.

“டைனமிக் ரேஞ்ச்” என்றார் இளமாறன்.

ஹம்சா அதற்குமேல் கேட்கவில்லை. அதை இளமாறன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

புதுக் கேமராவின் முதல் முகூர்த்தம் வான்மதியின் வளைகாப்பு. வான்மதிக்கும் கணவன் ரஞ்சித்குமாருக்கும் சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். அங்கிருந்து மாமியார் ராமாத்தாள் ஒரு மயில் கழுத்து நிறப் பட்டுச்சேலை அனுப்பியிருந்தார். வான்மதியின் அம்மாவும் கிளிப்பச்சையில் ஒன்று அனுப்பியிருந்தார். விழா முழுவதும் மாமியார் சேலைதான் என்று இரு வீட்டாரும் பேசி முடிவாகியிருந்தது. எதிரிலிருந்து புதுக் கேமராவிலும் பக்கவாட்டிலிருந்து பழைய கேமராவிலுமாக இளமாறன் அதை எடுத்து, இணைத்து, இசை சேர்த்து அனுப்பினார்.

மறுநாளே வான்மதி போன் செய்தாள்.

“அண்ணா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? வளையல் போடறப்ப ப்ளூ புடவை, சந்தனம் பூசறப்ப பச்சைப் புடவை! நடுவுல மாத்திட்டு எங்கம்மா புடவையைக் கட்டிக்கிட்டேன்னு அத்தை சொல்றாங்க.”

“மயில் கழுத்துன்னா திரும்பினா கலர் மாறும்தானேம்மா? சேலையோட குணம்னு நினைச்சேன்.”

“அதையும் சொல்லிப் பாத்தேன். ‘மயில் கழுத்து மினுங்கும் அம்மிணி, ஆளை ஏமாத்தாது’ங்கறாங்க. ஏழு மாச வயித்தோட ரெண்டு நிமிஷத்துல யாரால பட்டுப்புடவை மாத்த முடியும்னு கேட்டா, அமெரிக்காவுல எல்லாம் ரெடிமேடா வருதாமல்லங்கறாங்க.”

ரஞ்சித்குமார் ஒரு காரியம் செய்தான். பீரோவிலிருந்து சேலையை எடுத்து வாட்ஸாப் வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினான். சமையலறை விளக்கடியில் அவன் போனுக்கு அது ஊதாவாகத் தெரிந்தது. “ஓ, மூணாவது சேலை ஒண்ணு இருக்குதா!” என்றார் ராமாத்தாள். பிறகு முட்டி வலி என்றும், பிரசவத்துக்கு வரச் சௌகரியப்படாது என்றும், எடுத்துவைத்த விமான டிக்கெட்டைக் கேன்சல் பண்ணக் கணவரிடம் சொல்லிவிட்டதாகவும் அமைதியாகத் தெரிவித்தார்.

“எங்கம்மாவுக்கு விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு அண்ணா. அத்தையும் வரலைன்னா எனக்கு யாருமே இல்ல” என்றாள் வான்மதி.

ஒரு பெண்ணின் பிரசவம் தம்முடைய கலர் செட்டிங்கில் தொங்குகிறது என்று கேள்விப்பட்ட முதல் டெஸ்டர் இளமாறனாகத்தான் இருக்க வேண்டும். அவருக்குப் பயம் வந்தது. பயத்தைவிட வேகமாக ஆர்வம் வந்தது. ஒரே சேலை எப்படி இரண்டாகும்?

காலி ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, புதுக் கேமராவின் ஒரு ஃபைலை மட்டும் உள்ளே போட்டார். கை வைக்கவில்லை. திருநீறாக வர வேண்டிய படம் முழு நிறத்தோடு வந்து நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஃபைலின் விவரங்களைத் திறந்தார். ‘நான் எடுத்தது லாக்’ என்று கேமரா அதற்குள்ளேயே எழுதி அனுப்பியிருந்தது. சாஃப்ட்வேர் அதைப் படித்து, சத்தமில்லாமல் தானே நிறம் மாற்றிக் கொடுத்திருந்தது. அது தெரியாமல், யூட்யூபில் ஒருவர் சொன்னாரென்று இளமாறன் அதே மாற்றத்தை இன்னொரு தடவை மேலே போட்டிருந்தார். ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. சேலை கறுநீலமானது அப்படித்தான்.

பழைய கேமராவும் லாக்கில்தான் எடுத்திருந்தது. ஆனால் அது எதையும் எழுதி அனுப்பும் ரகமில்லை. சாஃப்ட்வேர் அதைச் சாதாரணப் படம் என்று நம்பி வெளிறியபடியே விட்டுவைக்க, இளமாறன் கண் போன போக்கில் நிறத்தை ஏற்றியிருந்தார். கிளிப்பச்சை அவர் சொந்தக் கற்பனை.

வீடியோவைத் திருத்தி அனுப்புவதில் பயனில்லை. “மாத்தி அனுப்பறதுக்கு உங்களுக்குச் சொல்லியா தரணும்?” என்று கேட்டுவிடுவார் அந்த அம்மாள். ஆகவே சனிக்கிழமை காலை, கோபியில் சாயங்காலம், எல்லோரையும் ஒரே வீடியோ காலில் கூட்டித் தம் திரையைக் காட்டினார்.

“அம்மா, உங்க கண்ணு முன்னாடியே மாத்தறேன். இது புதுக் கேமரா எடுத்தது. சேலையை விட்டுட்டு அந்தச் சாதத் தட்டைப் பாருங்க. என்ன சாதம்?”

“தக்காளி சாதமுங்.”

“இப்ப பழைய கேமரா. அதே தட்டு.”

“புதினா சாதமாட்டந் தெரியுதுங்.”

“ரெண்டும் எலுமிச்சை சாதம்மா.”

ராமாத்தாள் போனை முகத்தருகே கொண்டுவந்தார். “இருங், இருங். என்ற பையன் மூஞ்சியுமல்ல மாறுது! இதுல கரிமூட்டக்காரனாட்டம் இருக்கறான், அதுல காமாலை வந்தவனாட்டம் இருக்கறான்.”

“அம்மா!” என்றான் ரஞ்சித்குமார்.

இளமாறன் கூடுதல் உப்பை எடுத்தார். பழைய ஃபைலுக்கு அதன் முறை இன்னதென்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சாதம் மஞ்சளாயிற்று. ரஞ்சித்குமார் மனிதனானான். சேலை மெல்ல நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே வந்து நின்றது.

“நிறுத்துங்! அதேதானுங். நாப்பது சேலையப் பிரிச்சுப் போடச் சொல்லி நான் எடுத்தது அதேதான். ரெண்டுலயும் ஒரே சேலைதான்.” பிறகு இன்னும் உற்றுப் பார்த்தார். “கரை சரி. ஜரிகை சரி. ஏன் அம்மிணி, ஜாக்கெட்டு ஏன் கிளிப்பச்சையா இருக்குது? நான் அனுப்புனது அரக்குக் கலரல்ல?”

தப்பான நிறங்களில் சேலையோடு சேலையாய்க் கரைந்திருந்த ஜாக்கெட், சரியான நிறத்தில் தனியே வெளிவந்து நின்றது. உண்மையைக் கொண்டுவந்த இளமாறனுக்கு அதைத் திருப்பி அனுப்பத் தெரியவில்லை.

“அத்தை...” என்றாள் வான்மதி. “நீங்க அனுப்புனது பத்தல அத்தை. ஊக்கே மாட்ட முடியல. அம்மா அவங்க புடவைக்கு லூஸா தெச்சு அனுப்பியிருந்தாங்க, அதைப் போட்டுக்கிட்டேன்.”

ராமாத்தாள் போனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார்.

“போன வருச அளவுக்குத் தெக்கச் சொன்னது நானு. ஏழு மாசத்துல பத்துமா?” என்றார். “அன்னைக்கே சொன்னா என்ன அம்மிணி? நான் என்ன புலியா?” அவர் உள்பக்கம் திரும்பிக் கணவர் கிட்டுசாமியைக் கூப்பிட்டார். “ஏனுங்! அந்த டிக்கெட்டக் கேன்சல் பண்ணிப்போட்டீங்களா?”

“எங்க அமுக்கறதுன்னு தெரியலையே புள்ள” என்றது கிட்டுசாமியின் குரல்.

“அமுக்காதீங்!” இந்தப் பக்கம் திரும்பினார். “சரி அம்மிணி, வர்றப்ப நாலு ஜாக்கெட் தெச்சு எடுத்தாறேன். இப்ப என்ன அளவு, சொல்லு. தம்பி, நீங்க கெளம்புங்.”

இளமாறன் வீடியோ காலிலிருந்து வெளியேறினார்.